பறப்பது முக்கால் மணி நேரம். போய்ச் சேர்வது எப்போது?

அல்சூரில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்குக் காலை 6 மணிக்கு மயிலாப்பூரில் இருந்து போன் வருகிறது. பெரியவர் காலமாகிவிட்டார். மாலை 4 மணிக்கு எடுக்கிறார்கள். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பிளேனைப் பிடி!"

பெங்களூரில் வாழும் தமிழர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஒருநாள் இந்த நிலைமைக்கு ஆளாகிறவர்கள்தான். சாவு மட்டும் அல்ல. பிரசவம், ஆபரேஷன், கோர்ட்டு வாய்தா, பெண் பார்க்க வருகிறவர்கள் என்று திடீர்ப் பயணத்துக்குக் காரணங்கள் ஆயிரம். "பிளேன் ஏறினால் ஒரு மணி நேரம்" என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்தக் கணக்கு பொய் அல்ல. ஆனால் அது வானத்துக் கணக்கு மட்டும். தரைக் கணக்கு வேறு.

மேலே சொன்ன குடும்பம் எப்படிப் போய்ச் சேரும் என்று பார்ப்போம். அவசர அவசரமாகக் குளித்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு 6½ மணிக்கு டாக்சியில் ஏறினால், தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய்ச் சேர 7¾ ஆகும். வழியில் ஹெப்பாளம் மேம்பாலம் சிரித்தால் 7¾; முகத்தைச் சுளித்தால் 8¼. வாசலில் அடையாள அட்டை, பிறகு பெட்டி, பிறகு சோதனை வரிசை. 9½ மணி விமானத்தில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கடைசி நேர டிக்கெட்டுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதை இந்த நேரத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 10½ மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, வெளியே வந்து வண்டி பிடித்து, மயிலாப்பூர் வாசலில் கால் வைக்கும்போது பகல் 12-ஐத் தொடும்.

போன் வந்து 6 மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது முக்கால் மணி நேரம் மட்டுமே!

ஆடிக் காற்றும் ஐப்பசிக் காற்றும்

பெங்களூர் – சென்னை ரெயில் பாதையின் நீளம் சுமார் 360 கிலோ மீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சாலையில் போனால் ஏறக்குறைய 350. வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தால், தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் 270 கிலோ மீட்டர்தான்.

ஜெட் விமானம் உயரத்தில் போகும்போது மணிக்கு 800 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கக் கூடியது. அந்த வேகத்தில் 270 கிலோ மீட்டரை 20 நிமிடத்தில் கடந்துவிடலாமே, அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள்?

அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தில் இருந்து நகரத் தொடங்குவது முதல், மறு ஊரில் போய் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்களுக்கு வழிவிட வேண்டும். மேலே ஏறவே சுமார் கால் மணி நேரம். ஏறி முடித்துச் சற்று நேரத்துக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் போவதற்கு அவகாசமே இல்லை. காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் பணிப்பெண் காகிதக் கோப்பையைத் திரும்பக் கேட்பது இதனால்தான். இந்த வழியில் ஓடும் விசிறி வைத்த சிறிய ரக ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் ஜெட்டைவிட மிகக் குறைவு. ஆனாலும் அது 10, 15 நிமிடம்தான் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். தூரம் குறையக் குறைய வேகத்துக்கு மதிப்பு குறைந்துவிடுகிறது.

இதில் காற்றின் விளையாட்டு ஒன்றும் உண்டு. விமானம் எப்போதும் எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். இரண்டு ஊரிலும் பெரிய ஓடுபாதைகள் ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தவை. ஆடி மாதத்தில் காற்று மேற்கில் இருந்து வீசும். அப்போது சென்னை விமானம் தேவனஹள்ளியில் மேற்கு நோக்கி, அதாவது சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, பிறகு வளைந்து கிழக்கே திரும்ப வேண்டும். சென்னைக்கு வந்தும் நேராக இறங்க முடியாது. ஊரைத் தாண்டிக் கடலுக்கு மேல் போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டும். "அதோ மீனம்பாக்கம் தெரிகிறதே, ஏன் இன்னும் இறங்கவில்லை?" என்று ஜன்னலோரத்தில் இருப்பவர் பதறுவது இந்த மாதங்களில்தான்.

ஐப்பசியில் வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். கிழக்கு நோக்கி ஏறி, கிழக்கு நோக்கியே இறங்கிவிடலாம். சில நிமிடங்கள் மிச்சம்.

ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் ஒரே மட்டத்தில் இல்லை. பெங்களூர் விமானம் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே உள்ள தரையில் இருந்து கிளம்புகிறது. மீனம்பாக்கமோ கடல் மட்டத்துக்குப் பதினாறு மீட்டர்தான் மேலே.

பத்து கிலோ மீட்டருக்குள் இருந்த காலம்

1809-ல் ஆங்கிலேயர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பட்டாளத்தைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். பட்டாளத்தோடும் அதன் பின்னாலும் வந்து கன்டோன்மென்டைச் சுற்றிக் குடியேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் எல்லாம் அப்படித் தமிழ் மணம் ஏறிய பகுதிகள். பிற்காலத்தில் விமான நிலையமும் அவர்கள் இருந்த பக்கமாகவே அமைந்தது.

தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அது இரண்டாவது உலகப்போர்க் காலம். தொழிற்சாலைக்காகப் போட்ட ஓடுபாதையைத்தான் பிற்காலத்தில் பயணிகள் விமானங்களும் பயன்படுத்தின. அல்சூரில் இருந்து பத்து கிலோ மீட்டருக்குள் இருந்த இடம் அது. ஆட்டோவில் போய் இறங்கி விமானம் ஏறலாம்! 1953-ல் ஏற்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் பல ஆண்டுகளுக்கு ஏகபோகமாக இருந்தது. டிக்கெட் விலைதான் சாதாரண மக்களைப் பயமுறுத்தியது.

விலை இறங்கியது 2003-க்குப் பிறகு. கர்நாடகத்தைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத் பெங்களூரில் இருந்து 'ஏர் டெக்கான்' என்ற மலிவு விலை விமானக் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கைக் கதையைத் தழுவி 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' படத்தில் கதாநாயகன் சோழவந்தான்காரராக மாறியது வேறு விஷயம். குமாஸ்தாவும் தையல்காரரும் விமானத்தில் ஏறிய காலம் அது.

விலை கைக்கு எட்டியது; சில ஆண்டுகளில் விமான நிலையம் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

நள்ளிரவில் மாறியது

2008 மே 24-ந் தேதி தேவனஹள்ளி விமான நிலையம் திறக்கப்பட்டது. அதே நாளில் பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. நகரத்தின் நடுவில் இருந்து 35 கிலோ மீட்டருக்கு மேல். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவருக்கு 50-க்கு மேல்!

பழைய நிலையம் நெரிசலில் திணறியது உண்மை. புதிய நிலையம் தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது. 2024-25-ம் நிதி ஆண்டில் தேவனஹள்ளி வழியாகப் போய் வந்தவர்கள் 4 கோடிக்கும் மேல். அந்தக் கூட்டத்தைப் பழைய இடம் தாங்கியிருக்காது.

ஆனால் பழையதை ஒரேயடியாக மூட வேண்டுமா என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. குறைந்த தூர விமானங்களையாவது அங்கேயே விடுங்கள் என்று பலர் கேட்டார்கள். போராட்டம் நடந்தது; கோர்ட்டுக்கும் போனார்கள். புதிய நிலையத்தைக் கட்டிய கம்பெனியோடு மத்திய அரசு 2004-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் குறுக்கே நின்றது. பழைய நிலையம் மூடப்பட வேண்டும் என்பது பேச்சு. ஐதராபாத்தில் பேகம்பேட்டைக்கும் அதே கதிதான், அதே ஆண்டில்.

எச்.ஏ.எல். ஓடுபாதை இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. பாதுகாப்புத் துறை விமானங்களும் முக்கியப் பிரமுகர்களின் விமானங்களும் பணக்காரர்களின் சொந்த விமானங்களும் அங்கே இறங்குகின்றன. டிக்கெட் வாங்கிப் பயணம் செய்கிறவர்களுக்குத்தான் இடம் இல்லை.

லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவருக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. பெங்களூரில் இருந்து சிங்கப்பூர் சுமார் 3,200 கிலோ மீட்டர். பறக்க 4½ மணி நேரம். அதோடு தரையில் ஒரு மணி கூடினால் கூடிவிட்டுப் போகட்டும். 270 கிலோ மீட்டர் போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம், பறக்கும் நேரத்தைவிட அதிகம்.

ஒரே நாளில் இரண்டு

சென்னைப் பக்கம் இருந்து ஜோலார்பேட்டை வழியாக ரெயில் முதன்முதலாகப் பெங்களூர் கன்டோன்மென்டுக்கு வந்தது 1864-ல். அதுவரை மாட்டு வண்டியில் நாள் கணக்காகப் போன பயணம், மணிக்கணக்குக்குச் சுருங்கியது. அதற்குப் பிறகு வந்த எந்த முன்னேற்றமும் அவ்வளவு பெரிய பாய்ச்சல் அல்ல.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1964-ல் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்தது. காலையில் சென்னையில் ஏறினால் மத்தியானம் பெங்களூரில் இறங்கலாம் என்பது அன்றைக்கு அதிசயம். பிறகு சதாப்தி வந்து பயணத்தை 5 மணி நேரம் ஆக்கியது.

2022 நவம்பர் 11-ந் தேதி பெங்களூருக்கு வந்த பிரதமர் மோடி, சிட்டி ரெயில் நிலையத்தில் சென்னை – மைசூர் வந்தே பாரத் ரெயிலுக்குக் கொடி அசைத்தார். தென்னாட்டுக்கு வந்த முதல் வந்தே பாரத் அது. அதே நாளில் தேவனஹள்ளிக்குப் போய், விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தையும் திறந்து வைத்தார். போட்டியாளர்கள் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே கையால் திறப்பு விழா! கெம்பேகவுடாவின் 108 அடி உயரச் சிலையையும் திறந்து வைத்த நாள் என்பதால், இந்தப் பொருத்தத்தை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

வந்தே பாரத் பெங்களூர் – சென்னை தூரத்தை ஏறக்குறைய 4 மணி 20 நிமிடத்தில் கடக்கிறது. அல்சூரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் சிட்டி ரெயில் நிலைய வாசலில் இறங்கலாம். கால் மணி நேரம்தான். ரெயில் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் போனால் போதும். சென்டிரலில் இறங்கினால் மயிலாப்பூர் பக்கம்தான். வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசலுக்கு 5¾ மணி நேரம். விமானக் கணக்கு வந்ததே, 6 மணி நேரம்!

ஆனால் ஒன்று. காலை 6 மணிக்குப் போன் வந்தால் மேலே சொன்ன வந்தே பாரத் உதவாது. அது மைசூரில் இருந்து திரும்பி வந்து பெங்களூரை விட்டுப் புறப்படுவது பிற்பகல் 3 மணி அளவில்தான். சதாப்தியும் அதிகாலையிலேயே போய்விடும். ரெயில் தன் நேரத்துக்குத்தான் வரும். விமானங்கள் நாள் முழுவதும் இருக்கின்றன. அந்தக் குடும்பம் டாக்சி பிடித்து ஓடியதில் தவறு இல்லை.

சாலை வழியும் இருக்கிறது. அதை நம்ப முடியாமல் போன நாட்களும் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பஸ்கள் எரிக்கப்பட்டன. இரு மாநிலங்களுக்கும் இடையே பஸ் போக்குவரத்து நின்றது. ஓசூர் எல்லையில் பெண்களும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே எல்லையைக் கடந்தார்கள். இந்தப் பத்தாண்டில் புதிதாக 262 கிலோ மீட்டர் நீள விரைவுச் சாலை போடுகிறார்கள். ஓசகோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூரில் முடியும் இந்தச் சாலைக்கு 2022 மே மாதம் சென்னையில் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் உள்ள சுமார் 70 கிலோ மீட்டர் பகுதியில் 2024 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின.

கடல் கடந்த இரட்டையர்

பெங்களூர் – சென்னை போலவே இன்னொரு ஜோடி தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது. கோலாலம்பூரும் சிங்கப்பூரும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 300 கிலோ மீட்டர். அட்டவணை நேரம் ஒரு மணியும் கொஞ்சமும். இரண்டு ஊரிலும் தமிழர்கள் நிறைய. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பல நாள் கடலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பிரிக்பீல்ட்சில் இருந்து சிராங்கூன் சாலைக்குத் தீபாவளி ஜவுளி வாங்கப் போய் வருகிறார்கள். நடுவில் நாட்டு எல்லை இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும். அப்படி இருந்தும், உலகத்தில் மிக அதிகமாக விமானங்கள் பறக்கும் பன்னாட்டு வழிகளில் முதல் வரிசையில் நிற்பது இந்த வழி.

அங்கேயும் விமான நிலையம் தூரப் போனது. சுபாங்கில் இருந்த பழைய நிலையத்துக்குப் பதிலாக 1998-ல் சிப்பாங்கில் பெரிய நிலையம் வந்தது. ஊர் நடுவில் இருந்து 50 கிலோ மீட்டருக்கு மேல். ஆனால் மலேசியர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். நான்கே ஆண்டுகளில், 2002-ல், சிப்பாங்குக்குத் தனி ரெயில் விட்டார்கள். அரை மணி நேரம்தான். அடுத்து, பழைய சுபாங்கைப் பூட்டிப் போடவில்லை. குறைந்த தூரம் பறக்கும் விசிறி விமானங்களுக்கு அதை விட்டுவைத்தார்கள். 2024-ல் அங்கே ஜெட் விமானங்களும் திரும்பி வந்தன.

ரெயில் விஷயத்தில் மட்டும் அவர்கள் சறுக்கினார்கள். கோலாலம்பூர் – சிங்கப்பூர் இடையே ஒன்றரை மணி நேரத்தில் ஓடும் அதிவேக ரெயிலுக்கு 2016 டிசம்பரில் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டன. 2021 புத்தாண்டு அன்று திட்டம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. மலேசியா 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுத்தது.

பெங்களூரில் விமான நிலையம் திறந்து 17 ஆண்டுகள் கடந்த பிறகும் மெட்ரோ ரெயில் போய்ச் சேரவில்லை. கிருஷ்ணராஜபுரம் வழியாகப் பணி நடந்து வருகிறது. 2021 ஜனவரியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ரெயில் நிலையம் திறந்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய ரெயில்கள்தான் அங்கே நிற்கும். மற்றபடி வாயு வஜ்ரா பஸ், அல்லது டாக்சி.

ஓசூரில் வருமா?

சென்னையிலும் இதே கதை தொடங்கிவிட்டது. இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2022-ல் அறிவித்தார்கள். நிலம் போகிறதே என்று ஏகனாபுரம் கிராம மக்கள் அந்த ஆண்டில் இருந்தே போராடி வருகிறார்கள். பரந்தூர் சென்னைக்கு மேற்கே சுமார் 70 கிலோ மீட்டர். அங்கே விமானம் இறங்கினால் பெங்களூர் – சென்னை ஆகாய தூரம் இன்னும் குறைந்துவிடும்! மயிலாப்பூர் வாசலுக்குப் போய்ச் சேரும் நேரம் கூடிவிடும்.

பெங்களூர்த் தமிழர்கள் அதிகம் பேசுவது ஓசூரைப் பற்றி. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27-ந் தேதி தமிழக சட்டசபையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சந்தாபுரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தேவனஹள்ளியைவிட ஓசூர் எவ்வளவோ பக்கம்.

இங்கேயும் அந்த 2004 ஒப்பந்தம் வழி மறிக்கிறது. தேவனஹள்ளியில் இருந்து ஆகாய வழியில் 150 கிலோ மீட்டருக்குள் மைசூர், ஹாசன் தவிர வேறு புதிய விமான நிலையம் வரக் கூடாது. திறந்த நாளில் இருந்து 25 ஆண்டுகளுக்கு இந்தத் தடை. அதாவது 2033 மே வரை. ஓசூர் அங்கிருந்து நூல் பிடித்தால் 60 கிலோ மீட்டர்கூட இல்லை. பயணி தரையில் படும் பாட்டை யாரும் அளக்காவிட்டாலும், ஒப்பந்தத்துக்கு மட்டும் ஆகாய தூரத்தைக் கச்சிதமாக அளந்து வைத்திருக்கிறார்கள். கர்நாடக அரசும் பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்று தனியாக இடம் பார்த்து வருகிறது.

அதுவரை அல்சூர்க் குடும்பத்துக்கு என்ன வழி? அந்தப் போன் காலை 6 மணிக்கு வராமல், முந்தின இரவு 9 மணிக்கு வந்திருந்தால் கதையே வேறு. இரவு 11 மணிக்குச் சற்று முன்னால் சிட்டி நிலையத்தில் இருந்து பழைய பெங்களூர் மெயில் கிளம்புகிறது. ரிசர்வேஷன் இல்லாவிட்டால் பொதுப் பெட்டியில் முண்டியடித்து ஏறிக்கொள்ளலாம். பங்காருபேட்டை தாண்டும்போது கண் அயர்ந்தால், பொழுது விடிவதற்கு முன்னால் சென்டிரல் வந்துவிடும். மயிலாப்பூரில் வாசல் தெளிக்கும் நேரத்துக்கு வீடு போய்ச் சேரலாம்.